கோழி அடைகாத்த தொப்பி

பொன்னன் மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகிய காலத்தில், அவன் பிறந்த மலையில் மாட்டு வண்டி போகக்கூடப் பாதை கிடையாது. கொல்லிமலையில் ஆலத்தூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தைச் சேர்ந்தவன் அவன். உப்பும் மண்ணெண்ணெயும் அங்கே ஆள் தலையில்தான் மேலே ஏறும். மிளகும் பலாப்பழமும் ஆள் தலையில்தான் கீழே இறங்கும். நடக்க முடியாதவர்களை டோலி கட்டித் தூக்கிப் போவார்கள். சக்கரம் என்ற ஒன்றை மலை இறங்கினால்தான் பார்க்கலாம்.

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் சேந்தமங்கலம் சந்தைக்கு மிளகு விற்க இறங்கியவன், அங்கே ஆள் எடுத்துக்கொண்டிருந்த பட்டாளத்தில் பெயர் கொடுத்துவிட்டான். பயிற்சி முகாமில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஏதோ கேட்டார். பொன்னனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பக்கத்தில் நின்றவன் கையைத் தூக்கினான், இவனும் தூக்கினான். பக்கத்தில் நின்றவன் அக்குளைச் சொறிவதற்காகத் தூக்கியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதிகாரி கேட்ட கேள்வி, "மோட்டார் சைக்கிள் ஓட்ட யாருக்கு விருப்பம்?" என்பது.

அப்படித்தான் கொல்லிமலைக்காரன் ஒருவன், அஸ்ஸாம் பக்கத்து மண் சாலைகளில் பட்டாளத்துத் தபால் பையைத் தூக்கிக்கொண்டு வண்டியில் பறக்கும் ஆளானான். விழுந்தான், எழுந்தான், நன்றாகவே கற்றுக்கொண்டான். ஒரு விஷயத்தில் மட்டும் அங்கே கண்டிப்பு அதிகம். தலைக்கு அடிபடாமல் காக்கும் கனத்த தொப்பி இல்லாமல் வண்டியில் உட்கார்ந்தால், மூட்டையைச் சுமந்துகொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட வேண்டும். பொன்னன் ஒருமுறை ஓடினான். அதோடு சரி.

சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது ஒப்படைக்க வேண்டிய சாமான்களையெல்லாம் ஒப்படைத்தான். தொப்பியை மட்டும் ஏனோ யாரும் கேட்கவில்லை. அதை மலைக்குக் கொண்டுவந்து மனைவி இருசாயியிடம் கொடுத்தான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தன வருசம் போயிட்டு எனக்கு ஒரு சட்டியா கொண்டாந்தீங்க?" என்று கேட்டாள்.

மலையடிவாரத்தில் காரவள்ளியில் அர்த்தனாரி என்ற வியாபாரி இருந்தார். மலை மிளகையும் தேனையும் வாங்கிச் சேலத்து மண்டிக்கு அனுப்புகிறவர். யாரோ துரை விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, ஏறிப் பார்க்கப் பயந்து சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். பொன்னன் வந்து உதைத்ததும் அது இருமிக்கொண்டே கிளம்பியது. அன்றிலிருந்து மண்டிக்கு மாதிரி மிளகைக் கொண்டுபோவதும், விலை கேட்டு வருவதும் அவன் வேலை. திரும்பும்போது மலைக்காய்ச்சலுக்கு நாமக்கல்லில் கொயினா மாத்திரை வாங்கி வருவான். வாரத்துக்கு ஒருமுறை மலை ஏறி வீட்டைப் பார்ப்பான்.

முதல் வாரம் தொப்பியோடுதான் ஓட்டினான். சேந்தமங்கலம் கடைவீதியில் பிள்ளைகள் பின்னாலேயே ஓடிவந்து "சட்டித்தலையா! சட்டித்தலையா!" என்று கத்தினார்கள். டீக்கடையில் இருந்த பெரியவர்களும் சிரித்தார்கள். துப்பாக்கிச் சத்தத்துக்குப் பயப்படாதவனுக்கு இது பொறுக்கவில்லை. அடுத்த முறை மலை ஏறியபோது தொப்பியை வீட்டில் வைத்துவிட்டு, தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினான்.

தை மாதம் வந்தது. சாலையோரத்துக் காடுகளில் கொள்ளு அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அடிவாரத்து விவசாயிகள் அப்போது புதிதாக ஒரு வழக்கத்தைப் பிடித்திருந்தார்கள். பிடுங்கிய கொள்ளுச் செடியைத் தார் ரோட்டில் பரப்பிவிட்டால், போகிற வருகிற பஸ்ஸும் வண்டியும் ஏறி மிதித்துக் காயை உடைத்துக் கொடுத்துவிடும். மாடு கட்டி ஓட்ட வேண்டியதில்லை. ராசப்பன் என்ற குடியானவர் அன்று ரோட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, வளைவை ஒட்டிப் பரப்பியிருந்தார்.

பொன்னன் வெயில் சாயும் முன் காரவள்ளி சேர வேண்டும் என்று வேகமாக வந்தான். வளைவு திரும்பியதும் ரோட்டில் செடி கிடப்பது தெரிந்தது. உடைந்த கொள்ளு ரோட்டில் கிடந்தால் கோலிக்குண்டைக் கொட்டிவைத்த மாதிரிதான். பிரேக்கைத் தொட்டதும் வண்டி அவன் காலுக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. அவன் தலை மைல் கல்லில் மோதியது. இடது கால் முறிந்தது.

வரப்பில் நின்ற ராசப்பன் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்தார். நல்ல வேளையாகச் சற்று நேரத்தில் பஸ் வந்தது. ஜனங்கள் இறங்கி இடம் கொடுத்தார்கள். ராசப்பன் பொன்னனின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தன் வேட்டியைக் கிழித்து ரத்தத்தை அழுத்திப் பிடித்தபடி, நாமக்கல் ஆஸ்பத்திரி வரை போனார்.

அர்த்தனாரியின் ஆள் மலை ஏறி வந்து சொன்னபோது, இருசாயி தன் தம்பி மாணிக்கத்தோடு மரவள்ளிக் காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தாள். களைக்கொத்தைக் கீழே போட்டவள் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. அப்படியே இறங்கினாள். மாணிக்கம் மட்டும் ஊருக்குள் ஓடிச் சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடினான். மறுநாள் பார்த்தால் பங்காளி, மாமன், மச்சான் என்று உறவு முழுக்கக் கேழ்வரகு மாவும் சாமையரிசியும் மூட்டை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டது. அங்கேயே கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். காவல்காரர் விரட்டினார். அவருக்கும் ஒரு உருண்டை களி கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் விரட்டவில்லை.

பொன்னன் கண் விழிக்காமல் கிடந்தான். விழித்த பிறகு நிலைமை இன்னும் மோசமாகத் தெரிந்தது. அருகில் குனிந்த இருசாயியைப் பார்த்ததும் படுத்தபடியே விறைப்பாக ஒரு சல்யூட் வைத்து, இந்துஸ்தானியில் ஏதோ சொன்னான். அவள் திடுக்கிட்டு டாக்டரைப் பார்த்தாள்.

"பயப்படாதம்மா. தலையில பலமான அடி. பட்டாளத்துல இருக்கறதா நெனச்சுக்கிட்டிருக்கான். நீங்க ஊர்க்கதையாப் பேசிக்கிட்டே இருங்க. மெதுவாத் திரும்பி வருவான்," என்றார் டாக்டர். பிறகு பெருமூச்சு விட்டார். "பட்டாளத்துல இவங்களுக்குத் தலைக்குத் தொப்பி குடுப்பாங்களே. அதப் போட்டிருந்தா காலோட போயிருக்கும். அது எங்க?"

இருசாயி தலையைக் குனிந்துகொண்டாள். "ஊட்ல இருக்குதுங்க சாமி. அதுல எங்க கருங்கோழி அடைகாக்குதுங்க."

டாக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரைப் பார்த்து இருசாயியும் சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள்.

அன்றிலிருந்து முறை வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவர் மாட்டைப் பற்றிப் பேசினார், ஒருவர் வரப்புத் தகராறைப் பற்றி. அறப்பளீஸ்வரர் கோயில் ஆடித் திருவிழாவைப் பற்றி ஒரு பெரியம்மா காலையில் தொடங்கி மத்தியானம்வரை சொன்னாள். பொன்னன் எல்லாருக்கும் பொறுமையாகச் சல்யூட் வைத்தான். மாணிக்கம் முறை வந்தது. சொல்ல ஒன்றும் மிச்சமில்லாததால் பழைய பன்றிக் கதையை எடுத்தான்.

"அன்னைக்கு மரவள்ளிக் காட்டுல பன்னி பூந்துச்சே மாமா, ஞாபகம் இருக்குதா? யானக்குட்டியாட்டம் பன்னி. நீங்க பலா மரத்து மேல ஏறிக் கண்ண மூடிட்டீங்க. நாந்தான் ஒத்த ஆளா ஈட்டிய எடுத்துட்டு அத ஆத்து வரைக்கும் தொரத்துனன்."

பொன்னனின் புருவம் சுருங்கியது. வாய் அசைந்தது. இருசாயி காதைக் கொண்டுபோனாள்.

"மரத்துல ஏறுனது நீடா மாப்ளே," என்றான் பொன்னன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. "எறங்கத் தெரியாம அழுத. நாந்தான் எறக்கி உட்டன்."

மாணிக்கம் துள்ளிக் குதித்தான். "ஆமாங்க மாமா! நாந்தானுங்க! நாந்தான் ஏறுனன்!" என்று கத்திக்கொண்டே வேப்பமரத்தடிக்கு ஓடினான். தன் பயந்தாங்கொள்ளித்தனத்தை இவ்வளவு சந்தோஷமாக ஊர் முழுக்கச் சொன்ன ஆளை நாமக்கல் அதற்கு முன் பார்த்திருக்காது.

இதற்கிடையில் ஒரு சங்கதியை இருசாயி கவனித்திருந்தாள். தினமும் காலையில் கட்டில் காலடியில் ஒரு செம்புப் பால் இருந்தது. யார் வைப்பது என்று தெரியவில்லை. ஒருநாள் சீக்கிரமே எழுந்து கதவு மறைவில் நின்றாள். ராசப்பன் செம்பை வைத்துவிட்டுத் திரும்பும்போது எதிரே வந்து நின்றாள்.

"நீங்க யாருங்க?"

"அந்தக் கொள்ளு என்னுதுங்க ஆத்தா," என்றார்.

திட்ட வேண்டும் என்றுதான் இருசாயி இத்தனை நாள் மனசுக்குள் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ஆனால் புருஷன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தது கொள்ளுக்காரர்தான் என்று பஸ் கண்டக்டர் சொல்லிக் கேட்டிருந்தாள்.

"பால் நல்லா இருக்குதுங்க. நாளைக்கும் கொண்டாங்க, ஆனா ஒளிஞ்சு வர வேண்டாம்," என்றாள். பிறகு, "அண்ணா, கொள்ள ரோட்ல போட்டுத்தான் ஆகோணும்னா பாதி ரோட்ல போடுங்க. வளைவுல வேண்டாம். ரெண்டு பக்கமும் தூரத்துல ஒரு குச்சி நட்டுச் செவப்புத் துணி கட்டுங்க. இன்னொரு பொம்பள இப்பிடி ஓடியாரக் கூடாது," என்றாள்.

ராசப்பன் தான் செய்ததோடு நிற்கவில்லை. அந்தச் சாலையில் கொள்ளு போட்டவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சிவப்புத் துணியைக் கொடுத்துவிட்டு வந்தார். துணிக்கு எங்கே போனார் என்று விசாரித்தால், அவர் மனைவியின் கல்யாணச் சேலையில் பாதி காணாமல் போயிருந்தது.

காலில் மாவுக்கட்டோடு பொன்னனை மலைக்குத் தூக்கிப் போனார்கள். மூங்கிலில் கம்பளியைக் கட்டிப் படுக்கவைத்து, மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். "பட்டாளத்துச் சோறு எறங்கவே இல்ல மாமா, என்னா கனம் கனக்கறீங்க!" என்று மாணிக்கம் வழி முழுக்கப் புலம்பினான். பொன்னன் சிரித்தான்.

ஆனால் வீட்டுக்குள் வந்த பிறகு அந்தச் சிரிப்பு குறைந்துபோயிற்று. கட்டு அவிழ்த்தபோது இடது கால் சற்றுக் குட்டையாகியிருந்தது. சரிவில் ஏர் பிடிக்க முடியவில்லை. அவன் காட்டை உறவுக்காரர்கள் சேர்ந்து உழுது சாமை விதைத்துவிட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவனுக்கு அடிபட்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"நான் வண்டிக்கே போறன் இருசாயி. அதுக்கு இந்தக் காலு போதும்," என்றான் ஒருநாள்.

வீட்டில் கூடியிருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கத்தினார்கள். அந்தப் பேய் வண்டியை ஆற்றில் தள்ள வேண்டும் என்றார் ஒருவர். இருசாயி எல்லாரையும் பேசவிட்டாள். அப்புறம் எழுந்துபோய்க் கொல்லைப்புறத்திலிருந்து தொப்பியைக் கொண்டுவந்தாள். குஞ்சு பொரித்துப் போன பிறகும் கோழி அதை விட மனமில்லாமல் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்தது. இருசாயி தொப்பியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், வெயிலில் காயவைத்தாள், உள்ளே கிழிந்திருந்த இடத்தில் இலவம்பஞ்சு வைத்துத் தைத்தாள்.

"இது இல்லாம வண்டியத் தொட்டீங்கன்னு எங்காதுல உழுந்துச்சுன்னா, நானே எறங்கி வந்து மிச்சக் காலயும் ஒடச்சுப்போடுவன்."

"சட்டித்தலையன்னு சிரிப்பாங்க புள்ள."

"சிரிக்கட்டுமுங்க. சிரிக்கறதக் கேக்கறதுக்கு நீங்க இருக்கோணுமில்ல?"

பொன்னன் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டான். லேசாகக் கோழி வாசம் அடித்தது. அது கடைசிவரை போகவில்லை என்று அவனே சொல்வான்.

அர்த்தனாரி வண்டியைச் சேலத்துக்கு அனுப்பிச் சரிசெய்து, குட்டைக் காலுக்கு ஏற்றபடி மிதியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருந்தார். சேந்தமங்கலத்தில் பிள்ளைகள் மறுபடியும் பின்னால் ஓடினார்கள். இந்தத் தடவை பொன்னன் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, தலையில் இருந்த நீளத் தழும்பைக் காட்டினான். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள். ஆளுக்கு ஒருமுறை தொப்பியைப் போட்டுப் பார்க்கக் கேட்டார்கள்.

ஆவணியில் ராசப்பன் மகளுக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு வரவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். மலை இறங்கிய இருசாயியை வண்டியில் ஏறச் சொன்னான் பொன்னன்.

"எனக்குத் தொப்பி?" என்றாள் அவள்.

அவன் அதை யோசித்திருக்கவில்லை. தன்னுடையதைக் கழற்றி நீட்டினான். அவள் வாங்கவில்லை. சீட்டைத் தட்டிப் பார்த்தாள், வண்டியைச் சுற்றி வந்தாள், கடைசியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நீங்க தொப்பியப் போட்டுட்டு வண்டியத் தள்ளிட்டு வாங்க. நான் கூடவே நடக்கறன்."

பக்கத்து ஊர்தான். பேசிக்கொண்டே நடந்தார்கள். எதிரே வந்த பஸ் டிரைவர் வண்டி ரிப்பேரா என்று கேட்டு நிறுத்தினார். "இல்லீங்க, ஊட்டுக்காரி கூட நடந்து வாரா," என்றான் பொன்னன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி தொடங்கியிருந்தது. ராசப்பன் இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு வாசலுக்கு ஓடிவந்தார்.