காகிதம் ஒட்டாத ஒரு மணி நேரம்

கட்டடக்கலைஞர் குரோயிவா தொகுஜிக்கு ஐம்பத்தெட்டு வயது. அதுவரை மற்றவர்களின் கட்டடங்களுக்குப் படிக்கட்டு வரைந்தே காலம் தள்ளியவர். தன் பெயர் சொல்ல அவருக்கு வாய்த்தது ஹிகாஷி தனாசே ரயில் நிலையம் ஒன்றுதான். ரயிலை விட்டு இறங்கினால் மரக்கூரை வளைந்து வளைந்து பேருந்து நிறுத்தம்வரை போகும். அறிவிப்புப் பலகை ஒன்றுகூடக் கிடையாது. "கட்டடமே வழி சொல்லும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சாதித்தார். கழிப்பறைக் கதவைக்கூடச் சுவரோடு சுவராக மறைத்துவிட்டார்.

கட்டடம் வாயைத் திறக்கவில்லை. திறப்பு விழாவுக்கு மறுநாளே நிலைய அதிகாரி உராபே தொமிகோ காகிதம் ஒட்ட ஆரம்பித்தார். 'பேருந்து இந்தப் பக்கம்.' 'கழிப்பறை இது, தள்ளவும்.' 'இது வெறும் சுவர், தள்ள வேண்டாம்.' குரோயிவா ஞாயிறுதோறும் பயணி போல வந்து அவற்றை உரித்துப் பையில் போட்டுக்கொள்வார். திங்களன்று இன்னும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். எதிரெதிரே பார்த்தால் இருவரும் இடுப்பு வளைய வணங்கிக்கொள்வார்கள். அதில் குறைச்சலே இல்லை.

கட்டடக்கலைப் பரிசுக்கு நடுவர்கள் வெள்ளிக்கிழமை வருவதாகக் கடிதம் வந்தது. பரிசு கிடைக்காவிட்டால் ஓய்வு பெறும்வரை மறுபடி படிக்கட்டுதான். குரோயிவா வெட்கத்தை விட்டு உராபேயிடம் போனார்.

"வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மணி நேரம், உராபே சான். பேப்பரையெல்லாம் எடுத்துடலாமா?"

"வாராவாரம் எடுத்துட்டுதானே போறீங்க. இன்னிக்கு என்ன புதுசா கேக்கறீங்க?"

குரோயிவாவின் காது சிவந்துபோயிற்று.

"சரி, எடுங்க. ஆனா யாரு வழி கேட்டாலும் நீங்கதான் சொல்லணும். என் ஆளுங்க வாயத் திறக்க மாட்டாங்க."

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. ரயில் நின்றதும் ஜனங்கள் நாலா பக்கமும் சிதறினார்கள்.

"பஸ் எங்கப்பா?"

"நேரா போய் இடது பக்கம்மா!" என்று கத்தினார் குரோயிவா.

"மூணாம் நம்பர் பஸ்ஸு?"

"அங்க இல்ல, அது செடித்தொட்டி!"

நரைத்த தலை மனிதர் ஒருவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். குரோயிவா அவர் கையைப் பிடித்து ஓடி, சுவரைத் தள்ளி உள்ளே அனுப்பினார். அந்த மனிதர்தான் நடுவர் குழுத் தலைவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

பரிசு கிடைக்கவில்லை. அடுத்த வாரம் நடுவர் குறிப்பு மட்டும் வந்தது. 'கட்டடம் குழப்புகிறது. ஆனால் வழிகாட்டும் ஊழியரின் பரிவு போற்றத்தக்கது.'

குரோயிவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. குறிப்பை உராபேயிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்தார்.

"பாராட்டித்தானே எழுதியிருக்காங்க! நாளைக்கு சனிக்கிழமை, கூட்டம் தாங்காது. ஒன்பது மணிக்கெல்லாம் வந்துடுங்க."

மறுநாள் குரோயிவா எட்டே முக்காலுக்கே வந்து நின்றார். ஊழியர் தொப்பியை மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.