ஆறாவது போல்ட்

மாரமங்கலம் ரோட்டில் எங்கள் பட்டறை. ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸைத் தளர்த்திய பிறகும், இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் வட்டமான டார்க் கன்வர்ட்டர் இன்ஜினை விட்டுக் கழன்று வரவில்லை.

"ஆறு போல்ட்டும் கழட்டியாச்சு, நெம்புனா வந்துரும்" என்று என் கணவர் கடப்பாரையை நுழைத்தார். இரும்பு கிறீச்சிட்டது.

சின்ன வயதில் கேட்ட அதே சத்தம். அப்பாவும் அம்மாவும் வேலை பார்த்த எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலுரிக்கும் மெஷின் நின்றுபோன ஒரு சாயங்காலம். குவித்த பழத்தில் புளித்த வாடை ஏற, உருளையைக் கழற்ற அப்பா சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். பழம் பறித்துவிட்டு வந்த அம்மா கூடையை இறக்கி, வழவழத்த தோலுக்குள் கையை விட்டுத் துழாவினாள்.

"ஏனுங்க, ஒரு நட்டு இன்னும் இருக்குதுங்க."

அதற்குள் உருளையின் விளிம்பு நசுங்கியிருந்தது. அப்பா சுத்தியலைக் கீழே வைத்தார்.

"நெம்பாதீங்க, கியர்பாக்ஸ் போயிரும்" என்றேன். அவர் கடப்பாரையை விடவில்லை. நான் காருக்கடியில் படுத்து, சின்ன ஓட்டை வழியே ஸ்க்ரூடிரைவரால் கன்வர்ட்டரைப் பிடித்திருக்கும் இன்ஜின் பல்சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் திருப்பினேன். ஒவ்வொரு போல்ட் துளையாக வந்தது. ஐந்தும் காலி. தோள் கடுத்தது, நிறுத்தவில்லை. ஆறாவதில், எண்ணெய்ச் சேற்றுக்குள் போல்ட்டின் தலை விரலில் தட்டுப்பட்டது.

"ஏனுங்க..." என்று ஆரம்பித்தேன்.

பக்கத்தில் கடப்பாரை சத்தமில்லாமல் தரையில் இறங்கியது.