கடல் ஏறும் நேரத்துத் தண்ணீர்

மரக்கூழ் ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் பிரிஹிராவைப் போல் புட்டி கழுவ ஆள் கிடையாது. மூன்று தடவை கழுவி, முகர்ந்து பார்த்து, சந்தேகம் வந்தால் நான்காம் தடவையும் கழுவுவாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள் தாமதமில்லை, ஒரு தாளில் அடித்தல் திருத்தல் இல்லை. அப்படிப்பட்டவள்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். சொல்ல எனக்கே கூசுகிறது. எங்கள் ஆள் என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கூசுகிறது.

அவள் வேலை இதுதான். ஆலைக் குழாய் எங்கள் ஆற்றில் கழிவை விடுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, தினம் ஒரு புட்டி தண்ணீர் எடுத்து, நிறத்தை அளந்து எண்ணாக எழுத வேண்டும். எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று தாளில் போடவில்லை. வினை அங்கேதான் இருந்தது.

முதல் மாதம் எடுத்த தண்ணீர் கடுங்காப்பி மாதிரி இருந்தது. மேற்பார்வையாளர் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இப்படியே போனா ஆலையை மூடிருவாங்க. உன் அண்ணன் தம்பி எத்தனை பேர் இங்க வேலை பாக்கறாங்க?" என்று மட்டும் கேட்டார். நான்கு பேர். பிரிஹிராவின் அப்பா முகத்துவாரத்தில் தட்டைமீன் குத்துகிறவர். கடல் எப்போது ஆற்றுக்குள் ஏறும், எப்போது வடியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. அடுத்த வாரத்திலிருந்து, கடல் முட்ட ஏறி நிற்கும் நேரமாகப் பார்த்துப் புட்டியை முக்கினாள். கடல் தண்ணீர் கலந்து வெளிர் மஞ்சளாக வந்தது. பொய்யான எண் ஒன்றைக்கூட அவள் எழுதியதில்லை. எடுத்த தண்ணீரில் இருந்ததைத்தான் எழுதினாள். இருபத்திரண்டு வருடமும் தனக்குத் தானே இதைச் சொல்லிக்கொண்டுதான் தூங்கினாள்.

போன வருடம் ஆலை புதுசானது. குளோரினைக் கொட்டிக் கூழை வெளுக்கிற பழைய கூடத்தை இடித்துவிட்டு, ஆக்சிஜனால் பாதி வேலையை முடிக்கிற இயந்திரத்தை வைத்தார்கள். அடுத்தது இரண்டு பெரிய குளங்கள். கழிவுநீரை அங்கே நிறுத்திக் காற்றடித்து, அழுக்கைக் குறைத்த பிறகுதான் ஆற்றில் விடுவது என்று திட்டம். அதைக் கொண்டுவந்த எஞ்சினியர் டங்கன் சூதுவாது தெரியாதவன். ஒரு நாள் தாள்களை அள்ளிக்கொண்டு அவள் மேஜைக்கு வந்தான்.

"பிரி, ஒரு சந்தேகம். பழைய எண்ணும் புது எண்ணும் ஏறக்குறைய ஒண்ணாவே இருக்கே. இவ்வளவு பெரிய மெஷினைப் போட்டும் ஒண்ணும் குறையல."

"அப்படியா?"

"ஆறு முன்னாடியே சுத்தமாத்தான் இருந்திருக்கு. அப்புறம் குளம் எதுக்குன்னு தலைமை ஆபீஸ்ல கேக்கறாங்க. சனிக்கிழமை உங்க மராய்க்கு வந்து, குளம் வேண்டாம்னு சொல்லப் போறேன்." பிறகு சிரித்தான். "யார் எண்ணைச் சந்தேகப்பட்டாலும் உங்க எண்ணைச் சந்தேகப்பட முடியாது பாருங்க."

அவள் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புட்டி கழுவப் போய்விட்டாள்.

சனிக்கிழமை மராயில், அதாவது எங்கள் குலத்தார் கூடிப் பேசி விருந்தளிக்கிற பொது இடத்தில், நல்ல கூட்டம். பிரிஹிரா யார் முகத்திலும் விழிக்காமல் நேராகச் சமையலறைக்குள் புகுந்தாள். அங்கே அவள் பெரியம்மா மகள் கரராய்னாவின் ராஜ்யம்.

"என்னடி, ஆபீஸ்காரிக்குத் தட்டு தொடைக்க இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா?"

"கொடுங்க அக்கா, தொடைக்கறேன்."

"மூஞ்சி ஏன் இப்படித் தொங்குது? விலாங்கைப் பாரு, எப்படி மின்னுது!"

புகை போட்ட விலாங்கு மின்னத்தான் செய்தது. அது எங்கள் ஆற்று விலாங்கு இல்லை. ஆறு வருடம் முன்பு ஒரு சாவு வீட்டுக்கு வந்த விருந்தாளிகள், எங்கள் விலாங்கை ஒரு வாய் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய் வாடை தாங்காமல் காகிதத்தில் சுருட்டித் தட்டுக்கடியில் ஒளித்தார்கள். ஒளித்துவிட்டு "பிரமாதம்" என்று வேறு சொன்னார்கள். வந்தவர்களுக்குத் தன் ஆற்று விலாங்கைப் போட முடியாத மராய்க்கு எங்களிடம் என்ன மரியாதை? அன்றிலிருந்து கரராய்னா தன் புருஷன் ஊர் ஆற்றிலிருந்து காரில் பெட்டி பெட்டியாக வரவழைக்கிறாள். சமையலறைக்கு மட்டும் தெரியும். சமையலறை வாய் திறக்காது.

சாப்பாடு முடிந்து எல்லோரும் கூட்ட வீட்டுக்குள் உட்கார்ந்தார்கள். டங்கன் எழுந்தான்.

"உங்க ஆத்து விலாங்கை இப்பத்தான் சாப்பிட்டேன். மூணு துண்டு. இவ்வளவு ருசியான மீன் வர்ற தண்ணிக்குக் குளம் தேவையா, நீங்களே சொல்லுங்க. உங்க வீட்டுப் பொண்ணு எழுதின எண்ணும் அதைத்தான் சொல்லுது."

எங்களிடம் ஒருவர் பேசி முடித்ததும் அவருடைய ஆட்கள் எழுந்து அவர் பின்னால் நின்று பாட வேண்டும். உன் பேச்சுக்கு நாங்கள் துணை என்று அர்த்தம். ஆலை ஆபீஸ்காரர்கள் காகிதத்தைப் பார்த்துப் பாடினார்கள். சுருதி எங்கேயோ போனது. ஆனாலும் முயன்றார்களே என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

கதவோரம் ஏப்ரனோடு நின்ற கரராய்னாவின் முகம் கறுத்துவிட்டது. விலாங்கு எங்களுடையதில்லை என்று சொன்னால் மராயின் மானம் போகும். சொல்லாவிட்டால் குளம் போகும். அவள் வாய் திறக்கப் போவதைப் பிரிஹிரா பார்த்தாள். தன் புட்டிகள் செய்த வேலைக்கு அக்கா தலைகுனிவதா? எழுந்துவிட்டாள்.

"எண்ணெல்லாம் சரிதான். ஆனா நான் தண்ணி எடுத்தது கடல் ஏறி நிக்கற நேரத்துல. வடியற நேரத்துல ஒரு நாளும் எடுக்கல. தெரியாம இல்ல, தெரிஞ்சேதான். முதல் மாசத்தைத் தவிர இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான்."

சொல்லி முடித்து நின்றாள். பாட யாரும் எழவில்லை. நான்கு அண்ணன் தம்பியும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் பாட்டில்லாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எங்கள் ஆட்களைக் கேட்டால்தான் தெரியும். அவள் தானாகவே உட்கார்ந்தாள்.

அப்புறம் கரராய்னாவும் சொல்லிவிட்டாள்: "நீங்க சாப்பிட்ட விலாங்கும் எங்க ஆத்துது இல்ல. ஆறு வருஷமா இல்ல." அவளுக்கு வீடே எழுந்து நின்று பாடியது. பிரிஹிராவும் எழுந்தாள். வாய் திறக்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை, கடல் நன்றாக வடிந்த நேரம். டங்கன் கேட்டுக்கொண்டபடி பிரிஹிரா புட்டியை முக்கி எடுத்தாள். கரை நெடுக எங்கள் ஆட்கள் நின்றார்கள். டங்கன் புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான். முகம் விழுந்துவிட்டது.

"இவ்வளவு கறுப்பா? அப்போ புது மெஷின் வேலையே செய்யலையா?"

"செய்யுது. இது பாதிதான். பழசு இதைப்போல ரெண்டு பங்கு கறுப்பு."

டங்கன், "ரெண்டு குளமும் வேணும். இன்னைக்கே எழுதறேன். இந்தப் புட்டியையும் அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டு, புட்டியைத் தன் கையாலேயே மூடி எடுத்துக்கொண்டு போனான். இதுவரை அவள் மூடிய புட்டியை அவன் திறந்துகூடப் பார்த்ததில்லை.

கரராய்னா சேற்றில் இறங்கி வந்தாள். திட்டுவாள், அறைவாள் என்று பிரிஹிரா எதிர்பார்த்தாள். அறைந்திருந்தால் தேவலை.

"விருந்தாளிக்கு மட்டும்தாண்டி வெளியூர் மீன் வாங்கினேன். அத்தனை பேருக்கும் வாங்க முடியுமா? எங்க வீட்ல பிள்ளைங்க தின்னது இந்த ஆத்து மீனைத்தான். எலுமிச்சை பிழிஞ்சு வாடையை அடக்கிக் குடுத்தேன்."

கரராய்னா இன்னும் கிட்டே வந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ உன் பிள்ளைங்களுக்கு இதைக் குடுத்தியா?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு அது. அவள் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

"குடுக்கல அக்கா. ஒரு நாளும் குடுக்கல."