போய் லெவல் பாரு

எங்கள் வீட்டில் லெவல் என்றால் பூமிக்கு அடியில் இருப்பது. அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். "இந்த வாரம் எந்த லெவல்?" என்று அம்மா கேட்பாள். எவ்வளவு ஆழத்தில் வேலை என்று அர்த்தம். எங்கள் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் வளர்ந்த எவனுக்கும் அந்த வார்த்தையைக் கேட்டால் பார்வை தரைக்குத்தான் போகும்.

சுரங்கம் மூடியபின் எங்கள் ஊர் ஆட்கள் காலை ரயிலில் பெங்களூர் பக்கம் வேலைக்குப் போகிறோம். நான் போவது ஒரு கெமிக்கல் கம்பெனிக்கு. ஐந்தாவது வரை படித்தவனுக்கு அங்கே ஹெல்பர் வேலை. சேர்ந்த முதல் நாள் ஷிப்ட் இன்சார்ஜ் என்னிடம், "போய் லெவல் பாரு" என்றார். தொட்டியில் திரவம் எதுவரை நிற்கிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறார். நான் படி இறங்கிக் கீழ்த்தளத்துக்குப் போய், அதற்கும் கீழே போக வழி தேடி, கழிவுநீர்க் குழியருகே நின்றேன். தேடி வந்த இன்சார்ஜ் பார்த்துச் சிரித்தார்.

அவரும் எங்கள் ஊர்ப் பக்கம்தான். ஆண்டர்சன்பேட்டையில் கடை வைத்திருக்கும் குடும்பம். என்னைவிடச் சின்னவர். வெளியூர்க்காரன் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். சுரங்கத்து ஆட்களுக்கு அரிசி பருப்பு விற்று வளர்ந்த வீட்டுப் பிள்ளைக்கு, எங்களுக்கு லெவல் என்றால் என்னவென்று தெரியும். தெரிந்துதான் சிரித்தார்.

அன்று மாலையே ரயிலில் கதையாகச் சொல்லிவிட்டார். சீட்டாடுகிறவர்கள் கைச்சீட்டை மடக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து என் பெயர் லெவல்.

"இன்னா லெவலு, இன்னிக்கி எவ்ளோ ஆழம் போன?"

"கேஜ் வந்துச்சா, நடந்தே எறங்கினியா?" கேஜ் என்றால் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டு.

எனக்குப் பேச வராது. நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வேன். வருஷக்கணக்கில் அந்தச் சிரிப்பு அடங்கவில்லை. கம்பெனியிலும் என்னிடம் யாரும் "லெவல் பாரு" என்று வேலை சொல்லக்கூடாது, தொட்டியின் அளவு காட்டும் குழாயைக் காட்டி "கண்ணாடி பாரு" என்றுதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இவன் கீழே போய்விடுவான் என்று இன்சார்ஜ் எல்லோருக்கும் சொல்லிவைத்தார். புதிதாக வந்த மேனேஜர் அம்மாவுக்கும் அந்தக் கதையைச் சொன்னார்.

என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா காபியை வாங்கிக்கொண்டே என்னை உற்றுப் பார்த்தார். "நீங்க காலை வண்டில வர்ற லெவல் தானே?" என்றார். கிண்டல் இல்லை. அதுதான் என் பெயர் என்றே நினைத்திருக்கிறார். மகள் தட்டோடு நின்றிருந்தாள். அவர்கள் போனபின், "இன்னாப்பா அது லெவலு?" என்று கேட்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கதை எந்த வாயில் பிறந்ததோ அந்த வாயிலேயே சாக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அப்போதுதான் கம்பெனிக்குப் புது முறை வந்தது. அதுவரை எல்லாமே ரியாக்டரில்தான். ஆள் உயரத்துக்கும் மேலான பாத்திரத்தில் ஒரு கெமிக்கலை நிரப்பி, இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விடுவோம். சேரும்போது சூடு ஏறும். அவசரப்பட்டால் பொங்கிவிடும். புது முறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் தகடு, அவ்வளவுதான். மைக்ரோமிக்சர் என்று பெயர். உள்ளே மயிரிழை போன்ற வாய்க்கால்கள். இரண்டு தொட்டிகளிலிருந்து இரண்டு பம்புகள் இரண்டு கெமிக்கலையும் தள்ளும். வாய்க்கால் பிரிந்து, வளைந்து, மறுபடி சேர்வதற்குள் இரண்டும் கலந்துவிடும். சூட்டைத் தகடே வாங்கிக்கொள்ளும். மறுமுனையில் சரக்கு நிற்காமல் வந்துகொண்டிருக்கும்.

ரியாக்டர் நமக்காகக் காத்திருக்கும். தொட்டி காலியானால் நிரப்பிவிட்டு மறுபடி விடலாம். தகடு காத்திருக்காது. ஒரு தொட்டி காலியானாலும் பம்பு காற்றை இழுக்கும். மற்ற கெமிக்கல் தனியாக ஓடி, அதுவரை சேர்ந்த நல்ல சரக்கில் விழுந்து கெடுத்துவிடும். சோதனை ஓட்டம் என்பதால் ஒரு தொட்டிக்கு இன்னும் அலாரம் மாட்டவில்லை. ஹெல்பர் பக்கத்துக் கண்ணாடிக் குழாயைப் பார்த்துத்தான் நிரப்ப வேண்டும். இதையெல்லாம் மேனேஜர் அம்மா எங்களை நிற்கவைத்துச் சொன்னார். இன்சார்ஜ் தலையாட்டினார். நான் கேட்டுக்கொண்டேன்.

சரக்கு வாங்குகிற கம்பெனியிலிருந்து ஓட்டத்தைப் பார்க்க வந்தார்கள். இன்சார்ஜ் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தவர், பாதியில் என் பக்கம் திரும்பினார். விருந்தாளிகளைச் சிரிக்கவைக்க நினைத்தாரோ என்னவோ, கண்ணைச் சிமிட்டி, "இன்னா லெவலு, போய் லெவல் பாரு" என்றார்.

நான் படி இறங்கினேன்.

பழைய ரியாக்டராக இருந்திருந்தால் இறங்கியிருக்க மாட்டேன். தகட்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு கரண்டி அளவுகூட இருக்காது, தவறு நடந்தால் சரக்குதான் போகும், ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று மேனேஜர் அம்மாவே சொல்லியிருந்தார். அதனால் நிதானமாக இறங்கினேன். முதல் நாள் நின்ற அதே குழியருகே கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மேலே முனகிக்கொண்டிருந்த பம்பு கடகடக்கத் தொடங்கியது. காற்றை இழுக்கிறது. கல்யாண வீட்டு மேளம் போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆள் தேடி வரும்வரை நகரவில்லை.

சரக்கு கெட்டதைப் பார்த்துவிட்டு விருந்தாளிகள் போனபின் எங்கள் இருவரையும் மேனேஜர் அம்மா கூப்பிட்டார்.

"லெவல் பாருன்னேன் மேடம். இவன் கீழ போய் நின்னுகிறான்" என்றார் இன்சார்ஜ்.

"ஏன் கீழ போனீங்க?" என்று மேனேஜர் அம்மா என்னைக் கேட்டார்.

"லெவல் பாக்கச் சொன்னாரு, மேடம்."

அவர் இன்சார்ஜ் பக்கம் திரும்பினார். "இவர்கிட்ட லெவல்னு சொன்னா கீழ போயிடுவாரு, கண்ணாடின்னுதான் சொல்லணும்னு எனக்கே சொன்னது நீங்கதானே?"

"அது சும்மா தமாஷுக்கு, மேடம்."

"அப்ப இதுவும் தமாஷா? சொல்லிட்டு, போனாரா இல்லையான்னு திரும்பிக்கூடப் பாக்கல."

இன்சார்ஜ் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமென்றேதான் இறங்கினேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டுமானால், இவனுக்கு லெவல் நன்றாகவே தெரியும் என்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் சொன்ன கதை பொய்யாகிவிடும்.

அவரைப் பழைய ரியாக்டர் பக்கம் அனுப்பிவிட்டார்கள். தொட்டிக்கு அலாரம் மாட்டினார்கள். என் மனசு அதோடு ஆறவில்லை.

கொஞ்ச நாள் கழித்து, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எங்கள் பெட்டியில் ஏறினார். புது ஆளைக் கண்டால் கதையை எடுத்துவிடுகிற இன்சார்ஜ் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் இன்சார்ஜுக்கு எதிரே உட்கார்ந்தேன். சீட்டாடுகிறவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். என் நாக்கு ஒட்டிக்கொள்ளவில்லை.

"சார், அந்த லெவல் கதைய இவருக்குச் சொல்லுங்க சார்" என்றேன்.

இன்சார்ஜ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். இப்போதும் புதிதாக யார் ஏறினாலும் கேட்கிறேன்.