வியாழக்கிழமை நோயாளி

காது மூக்கு தொண்டை ஓபியில் முதல் நாள் நான் கற்றுக்கொண்ட வேலை சத்தம் போடுவது. டாக்டர் அறை வாசலில் ஒரு மேஜை. அதன்மேல் அன்றைக்கு வந்தவர்களின் ஓபி சீட்டுகள் அடுக்காக இருக்கும். மேலேயிருந்து ஒன்றை எடுத்துப் பேரைக் கூப்பிட வேண்டும். ஆள் "இருக்கேன் சிஸ்டர்" என்று குரல் கொடுத்தால் உள்ளே அனுப்பலாம். இரண்டு தடவை கூப்பிட்டும் குரல் வரவில்லையென்றால் சீட்டை அடுக்கின் அடியில் செருகிவிட்டு அடுத்த பேர். எனக்கு முன்னால் அந்த மேஜையில் இருந்தவர் அப்படித்தான் செய்தார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான்.

காது கேட்காதவர்களையும் தொண்டை போனவர்களையும் உட்காரவைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலுக்குக் குரல் கேட்கிற இடம் உலகத்திலேயே எங்கள் ஓபி ஒன்றுதான் இருக்கும். இதை நர்சிங் சூப்பிரண்டு மேடத்திடம் ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். "டோக்கன் போர்டு கேட்டு எழுதிப் போட்டிருக்கும்மா, வரும்" என்றார். வந்தது. சுவரில் மாட்டினார்கள். சிவப்பு எழுத்தில் ஏதோ ஒரு நம்பரைக் காட்டியது. நான் ரிட்டயர் ஆகும்வரை அதே நம்பரைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. ஸ்டாஃப் நர்ஸாக சென்னைக்கு வந்து, மயிலாப்பூரில் வாடகை வீடு பிடித்து, இங்கேயே முடி நரைத்தவள். ஆஸ்பத்திரியின் பேர் வேண்டாம். மயிலாப்பூர், தி.நகர், கோடம்பாக்கம் சனங்கள் வந்துபோகிற அரசு ஆஸ்பத்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் "உங்க அனுபவத்தை எழுதுங்க சிஸ்டர்" என்று கேட்டார்கள். நல்ல நல்ல அனுபவமாகக் கேட்டிருப்பார்கள். எனக்கு ஏழுமலைதான் ஞாபகத்துக்கு வருகிறார்.

குரல் கொடுத்த ஆள்

ஒரு வியாழக்கிழமை ஓபி முடிகிற நேரம். பெஞ்சுகள் காலி. அடுக்கின் அடியில் ஒரே ஒரு சீட்டு மிச்சம். மேஜைக்குப் பக்கத்திலேயே ஓர் ஆள், ஐம்பது வயது இருக்கும், காலையிலிருந்து அதே இடத்தில் நின்றவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"ஏழுமலையா? பேர் கூப்பிடும்போது எங்க போனீங்க?" என்று கேட்டேன்.

வாயிலிருந்து முக்கால்வாசி காற்றுதான் வந்தது. "இங்கயேதான் நின்னுகினு கீறேன் சிஸ்டர். ரெண்டு வாட்டியும் குரல் குடுத்தேன். எனக்கே கேக்கல."

கோடம்பாக்கத்துக்காரர். சினிமா செட்டில் லைட்மேன். செட்டுக்கு மேலே கட்டிய பலகையில் ஏறி நின்று பெரிய பெரிய விளக்குகளைத் திருப்புகிற வேலை. அந்த வேலைக்குக் கையும் காலும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் தொண்டை என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"மேலேர்ந்து கத்தணும் சிஸ்டர். லைட்டு ரெடின்னா கீழ கேமராமேனுக்குக் கேக்கணும். இப்ப விசில் அட்ச்சு சமாளிக்கிறேன். எத்தினி நாளைக்கு வுடுவாங்க? ஏற்கெனவே மேஸ்திரி இன்னா நைனா, ஒடம்பு சரியில்லையான்னு ஒரு மாரி பாக்குறாரு."

உள்ளே இருந்த பிஜி டாக்டர் சின்னப் பையன். மேல்படிப்புக்கு வந்து எங்களிடம் ராப்பகலாக மாட்டிக்கொண்ட பிள்ளைகளில் ஒருவன். வாயைத் திறக்கச் சொல்லி, காம்பு வைத்த சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தான். ஏழுமலைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. மறுபடி விட்டான், மறுபடி குமட்டல். "ஸ்கோப் போட்டுத்தான் பாக்கணும் ஐயா. பயப்படாதீங்க" என்று தோளில் கை வைத்தான். பசியும் தூக்கமும் கெட்ட நேரத்தில் அந்தப் பையனுக்கு அப்படிச் செய்யத் தோன்றியது பெரிய விஷயம். ஆனால் அந்தக் கை பிற்பாடு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தேதி

மூக்கு வழியாக டியூப் விட்டுத் தொண்டையைப் பார்க்கிற ஸ்கோப் எங்கள் டிபார்ட்மென்டுக்கு ஒன்றுதான். கிழமைக்கு ஒன்றாக இருக்கும் டாக்டர் குழுக்கள், எல்லா யூனிட்டும், அதைத்தான் முறை வைத்து எடுக்க வேண்டும். வியாழக்கிழமை யூனிட் பழைய யூனிட், கூட்டம் அதிகம். ஏழுமலைக்கு ஒரு மாதம் தள்ளித்தான் தேதி கிடைத்தது. சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போனார். தேதி கிடைத்தாலே பாதி குணமானதாக நினைத்துக்கொள்வது நம் சனங்களின் வழக்கம்.

அந்தத் தேதியில் வந்தார். ஸ்கோப் ரிப்பேருக்குப் போயிருந்தது. வேறு தேதி. அன்றைக்கு வந்தார். பிஜிக்களுக்குப் பரீட்சை, ஸ்கோப் போட ஆளில்லை. வேறு தேதி. ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் குறைந்திருந்தது. கூட மனைவி கஸ்தூரியும் வர ஆரம்பித்தாள். கோபாலபுரத்தில் வீடுகளில் சமையல் வேலை. பேர் கூப்பிட்டால் அவள்தான் "கீறாரு சிஸ்டர்" என்று பதில் சொல்வாள்.

"வெளிய எங்கனா காட்டலாம்ல?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் சொல்லாத நாளா சிஸ்டர்? இந்தாளு ஒத்துக்கினாத்தான. அந்த டாக்டரு தோள் மேல கை வச்சு பயப்படாதீங்கன்னாராம். அதுலயே குந்திக்கினாரு. அந்தப் புள்ளையே பாக்கட்டுங்கிறாரு."

ஏழுமலை பக்கத்தில் நின்று சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் உடனே பார்க்க வேண்டும் என்று எங்கள் ஓபி சுவரிலேயே படம் போட்டு எழுதி ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நான் தேதி எழுதிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை

எங்கள் ஆஸ்பத்திரி நடைமுறை தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிழமைக்கு ஒரு யூனிட், அதற்கு ஒரு சீஃப். நீங்கள் முதல் தடவை எந்தக் கிழமை வந்தீர்களோ, அந்த யூனிட்டின் நோயாளி. வியாழக்கிழமை வந்தவர் கடைசிவரை வியாழக்கிழமைக்காரர். ஒரே டாக்டர்கள் தொடர்ந்து பார்ப்பார்கள் என்பது இதில் உள்ள நல்லது. மற்ற யூனிட் தொடாது என்பது கெட்டது. இன்னொருவர் கேஸில் கை வைப்பது டாக்டர்களுக்குள் மரியாதைக் குறைவு.

வெள்ளிக்கிழமை யூனிட் புதிது. அதன் சீஃப் ஒரு மேடம், நல்லவர், கைராசிக்காரர். ரிப்பேர் முடிந்து ஸ்கோப் திரும்பியபோது அவர்களுக்குக் காத்திருப்போர் கூட்டமே இல்லை. வந்த அன்றே போட்டார்கள். நான் நேராகப் போய்க் கேட்டேன்.

"சிஸ்டர், அது சாரோட கேஸ். நான் பாத்தா நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது? அவர் ஒரு வரி எழுதிக் குடுக்கட்டும், இப்பவே போடறேன்" என்றார் மேடம்.

வியாழக்கிழமை சீஃபிடம் போனேன். ரிட்டயர்மென்டுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர். "நம்ம யூனிட்ல பாக்க மாட்டோம்னா சொன்னோம்? டேட்தான் குடுத்தாச்சே. ஒருத்தருக்கு எழுதிக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை. வந்து நின்றிருப்பார்கள். நிற்க வேண்டியவர்கள்தான்.

இதற்கெல்லாம் சிஸ்டர்களிடம் ஒரு சந்து வழி உண்டு. வேறு கிழமையில் புது சீட்டு போட்டு, புது நோயாளி மாதிரி உள்ளே போவது. எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். ஏழுமலையைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"நாளைக்கு வாங்க. புது சீட்டு போடுங்க. முன்னாடி எங்கயாவது காட்டினீங்களான்னு மேடம் கேப்பாங்க. இல்லன்னு தலையை மட்டும் ஆட்டுங்க. பேசவே வேண்டாம்."

சரி என்று தலையை ஆட்டினார். மறுநாள் வந்தார். அவர் சீட்டை முதலில் வைத்தேன். உள்ளே போனார். ஸ்கோப்புக்கு மருந்து எடுத்துவைக்கப் போகிறார்கள் என்று நான் காத்திருக்கையில், ஏழுமலை வெளியே வந்தார். கையில் இரண்டு சீட்டு. புதியது ஒன்று, மடித்து மடித்து நைந்துபோன வியாழக்கிழமைச் சீட்டு ஒன்று.

"இன்னா கேட்டாங்க, இன்னா சொன்னே?" என்று கஸ்தூரி பதறினாள்.

"முன்ன எங்க காட்டினேன்னாங்க. வியாழக்கெழம டாக்டரு பாக்குறாரும்மான்னு சீட்ட எட்த்துக் குட்த்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். "டாக்டராண்ட போய் பொய் சொல்றதா சிஸ்டர்? அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சா மனசு கஷ்டப்படாதா?"

"கொஞ்சமாவது கூறு இருக்கா ஒமக்கு?" என்று என் ஊர்ப் பேச்சிலேயே திட்டினேன். இத்தனை வருஷம் சென்னையில் ஒதுக்கி வைத்திருந்த பேச்செல்லாம் வந்தது. அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மேடத்தைக் கேட்டால், "பேஷன்ட்டே அந்த யூனிட்னு சொல்லும்போது நான் என்ன பண்றது? தெரியாதிருந்தா பாத்திருப்பேன்" என்றார். பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே பார்த்திருப்பார்கள். உண்மை சொன்னதால் வியாழக்கிழமைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

அடையாறு

அடுத்த தேதிக்கு நாள் இருந்தது. அதற்குள் வெளியூர் ஷூட்டிங் என்று ஏழுமலை கிளம்பிப் போனார். போகாவிட்டால் அந்த வேலையும் போய்விடும் என்ற பயம். அங்கே மூச்சுத் திணறி, காரில் போட்டுக்கொண்டு வந்து எங்கள் காஷுவாலிட்டியில் இறக்கினார்கள். காஷுவாலிட்டியில் எந்த யூனிட் என்று யாரும் கேட்கவில்லை. கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சுக்கு டியூப் வைத்தார்கள். அந்த வாரத்திலேயே ஸ்கோப், ஸ்கேன், பயாப்ஸி எல்லாம் முடிந்தன. மாதக்கணக்கில் தேதி கேட்டுக் கிடைக்காததெல்லாம், கழுத்தில் ஓட்டை விழுந்ததும் கிடைத்தது.

"அடையாறு போவச் சொல்லிட்டாங்க சிஸ்டர்" என்று கஸ்தூரி வந்து நின்றாள். அங்கே இருப்பது கேன்சர் ஆஸ்பத்திரி; இந்த ஊரில் அந்த வார்த்தையைக் கேட்டபிறகு என்ன நோய் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே குரல்பெட்டியையே எடுத்துவிட்டார்கள். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் கரன்ட் வைத்தே, அதாவது ரேடியேஷனிலேயே, பார்த்திருக்கலாம், குரலும் பிழைத்திருக்கும் என்று அங்குள்ள டாக்டர் சொன்னதை அவள் என்னிடம் அப்படியே ஒப்பித்தாள். என்னைக் குற்றம் சொல்ல ஒப்பிக்கவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

தோளில் கை வைத்த அந்த பிஜி பையன் விஷயம் தெரிந்து என்னைக் கூப்பிட்டான். "அவர் எனக்காகவா வெயிட் பண்ணார் சிஸ்டர்?" என்றான். வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அடுத்த சீட்டை எடுத்தேன்.

டியூப் சுத்தம் செய்ய ஏழுமலை எங்களிடமே வந்தார், வியாழக்கிழமைதான். ஒரு வாரம் நான் லீவ். கஸ்தூரிக்கும் வேலை. தனியாக வந்திருக்கிறார். மாற்றுக்கு இருந்த சிஸ்டர் பேரைக் கூப்பிட்டிருக்கிறாள். முன்பெல்லாம் விசிலாவது அடிப்பார். இப்போது மூச்சு கழுத்து வழியே போகிறது, வாயில் விசிலுக்கும் காற்று வராது. கையைத் தட்டியிருக்கிறார். "யாருப்பா அது ஆஸ்பத்திரியில கை தட்றது?" என்று அவள் அதட்டியிருக்கிறாள். சீட்டு அடியில் போய்விட்டது. ஓபி மூடும்வரை உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார். இதைக் கேட்டபோது எனக்கு வந்த அழுகை, அவர் இறந்த செய்தியைக் கேட்டபோதுகூட வரவில்லை.

அந்த வருஷம் மழை பிடிக்கும் முன்பே அவர் போய்விட்டார்.

முட்டி

அதற்குப் பிறகு நான் மேஜையில் உட்கார்ந்து பேர் கூப்பிட்டதில்லை. சீட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நடப்பேன். முகத்தைப் பார்த்து, பேரைச் சொல்லி, ஆளைத் தொட்டுக் கூட்டிவருவேன். "சிஸ்டர் வாக்கிங் போறாங்க" என்று வார்டுபாய் கிண்டலடிப்பான். இதனால் யாருக்கும் தேதி முன்னால் வரவில்லை. ஸ்கோப் இரண்டாகவில்லை. யூனிட் யூனிட்டாகத்தான் இருந்தது. என் முட்டிதான் தேய்ந்தது.

இப்போது அந்த முட்டிக்காக ஆர்த்தோ ஓபியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். நான் செவ்வாய்க்கிழமை நோயாளி. ஸ்கேனுக்குப் பொங்கல் தாண்டித் தேதி. போன செவ்வாய்க்கிழமை, மேஜையில் இருந்த சிஸ்டர், பேத்தி வயசுப் பெண், "கோவிந்தம்மா, கோவிந்தம்மா" என்று கூப்பிட்டாள். பதில் இல்லை. சீட்டு அடுக்கின் அடிக்குப் போகப் பார்த்தது.

"கொஞ்சம் இரு பிள்ளே, அடியில வைக்காத" என்று கம்பை ஊன்றி எழுந்தேன்.

"நீங்கதான் கோவிந்தம்மாவா?"

"இல்ல."

"அப்ப உக்காருங்கம்மா. உங்க பேர் வரும்போது சொல்றேன்."

நான் உட்காரவில்லை. புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தேதி உங்கள் கையில் இல்லை, ஸ்கோப் உங்கள் கையில் இல்லை. எழுந்திருப்பது உங்கள் கையில் இருக்கிறது. பெஞ்சு பெஞ்சாகக் கேட்டுக்கொண்டே போனேன். சிலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். கடைசி பெஞ்சின் ஓரத்தில், தூண் மறைவில், ஒரு பெண் சாய்ந்திருந்தாள். ஒரு கையில் மாவுக்கட்டு. குரல் எடுக்கத் தெம்பில்லை. இன்னொரு கையைத் தூக்கிப் பிடித்திருந்தாள். எவ்வளவு நேரமாகத் தூக்கியிருந்தாளோ, தெரியவில்லை.