என் கணக்கில் சேர்ந்த நடை

என் காலைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், என் போனிடம் கேளுங்கள் என்று பகிடியாகச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. சில மாதங்கள்தான். அந்த மாதங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இப்போது அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

இந்த நோய் வருத்தம் வருவதற்கு முன்பு நெல்லியடியில் ஒரு டியூட்டரியில் விஞ்ஞானம் படிப்பித்தேன். அச்சுவேலியிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். முதலில் இடது கண்ணில் புகை படிந்தது. கண்ணாடி மாற்றினால் சரியாகும் என்று நினைத்தேன். பிறகு வலது கால் மரத்தது. செருப்பு கழன்றாலும் தெரியாது. "மிஸ், உங்கடை செருப்பு வாசலிலை கிடக்கு" என்று ஒரு பிள்ளை சொன்ன பிறகுதான் ஒற்றைச் செருப்போடு வகுப்பின் நடுவில் நிற்பது தெரிந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்று டொக்டர் பெயர் சொன்னார். வயருக்கு மேலே தோல் இருப்பது போல நரம்புக்கும் ஓர் உறை உண்டு, அதை உங்கள் உடம்பே அரிக்கிறது என்று விளங்கப்படுத்தினார். மாறாது, ஆனால் ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மெதுவாகத்தான் போகும் என்றார். ஊரில் யாருக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. சிலர் வாதம் என்றார்கள். சிலர் செய்வினை என்று குசுகுசுத்தார்கள். ஒரு மாமி, கலியாணம் கட்டினால் எல்லாம் சரியாகும் என்றார். அதைவிட மலிவான வைத்தியத்தை நான் கேள்விப்பட்டதில்லை. கட்டத்தான் ஆளில்லை.

ஊசி மலிவானதல்ல. கொழும்பிலிருந்து ஐஸ் பெட்டிக்குள் வைத்து இரவு பஸ்ஸில் வரும். கனடாவில் இருக்கும் அண்ணைதான் காசு அனுப்பினார். அவருக்கு அங்கே காப்புறுதிக் கொம்பனியில் வேலை. எந்த வைத்தியத்துக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்கக் கூடாது என்று பார்த்துச் சொல்லும் வேலை. இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன், பனி. அவரைக் குறை சொல்ல மாட்டேன் என்றுதான் இதை எழுதத் தொடங்கினேன். கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன்.

என் போனில் போட்ட அந்தச் செயலியைத் தேடிப் பிடித்ததும் அவர்தான். இந்த வருத்தக்காரருக்கென்றே செய்தது. சட்டைப் பையில் போனை வைத்துக்கொண்டு நடந்தால் நடையை எண்ணும். திரையில் விரலால் தட்டச் சொல்லும், கோலம் கீறச் சொல்லும், இன்று களைப்பு எப்படி என்று கேட்கும். ஒவ்வொரு கிழமையும் அண்ணைக்கு அறிக்கை போகும். யாழ்ப்பாணத்து வெயில் எங்கள் கூரையைப் பொசுக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்துப் பூங்காவில் உலாவி வரலாமே என்று ஆங்கிலத்தில் ஆலோசனை சொல்லும். சூடு ஏறினால் என் கால் துணியாகிவிடும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். பூங்காவுக்கு நான் எங்கே போவது?

வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு அண்ணை விளங்கப்படுத்தினார். "அம்மா, உந்தப் போன் அவளின்ரை நடையை எண்ணும். எண்ணிக்கை ஏறினால் அவளுக்குச் சுகம் வருகுது எண்டு அர்த்தம். இறங்கினால் வருத்தம் கூடுது. விளங்குதோ?"

"விளங்குது ராசா" என்றார் அம்மா. அவருக்கு விளங்கியதுதான் பிரச்சினை என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்.

முதல் மாதம், திரையில் என் நடைக்கணக்கைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. அடுத்த மாதம் ஏறத் தொடங்கியது. ஒரு நாள் திரை முழுக்க வாணம் விட்டு, போன மாதத்தைவிட நீங்கள் மிக நன்றாக நடக்கிறீர்கள் என்று வாழ்த்தியது. எனக்கு அப்படித் தெரியவில்லை. அடுப்படிக்கும் அறைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போய் வந்தேன். ஆனால் செருப்புக் கழன்றதே தெரியாத கால் சொல்வதை நம்புவதா, அளந்து சொல்லும் கருவியை நம்புவதா? உங்களுக்குத் தோன்றுவதை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள் என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். போனையே நம்பினேன். மனம் அப்படி ஒரு குதி குதித்தது. டியூட்டரிக்குத் திரும்பிப் போகலாமா என்று கூட யோசித்தேன். ஸ்கூட்டியைக் கழுவச் சொன்னேன்.

அண்ணைக்கு என்னைவிடச் சந்தோஷம். "தங்கச்சி, ஊசிக்கு ஒரு மாசம் போற காசிலை உந்த அப் ஒரு வருசம் ஓடும். பலனைப் பார், கோடு ஏறுது. கொஞ்ச நாளைக்கு ஊசியை நிப்பாட்டிப் பாப்பமே? டொக்டரிட்டைக் காட்டுற அடுத்த கிளினிக் நாள் வர முந்தித் திருப்பித் தொடங்கலாம்" என்றார்.

அவருடைய காப்புறுதிக் கந்தோரில் அவர் தினமும் போடும் கணக்கு அது. பிழையே இல்லாத கணக்கு. ஊசி போட்ட நாளெல்லாம் குலைப்பன் காய்ச்சல் மாதிரி நடுங்கிக்கொண்டு கிடப்பேன். அதிலிருந்து தப்பினால் போதும் என்றிருந்தது. ஓம் என்றேன்.

ஐஸ் பெட்டி வருவது நின்றது. கோடு ஏறிக்கொண்டே இருந்தது.

கிணற்றடியில்தான் விழுந்தேன். வாளியைத் தூக்கி ஊற்றியவளுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் போனது. வழுக்கவில்லை, தடுக்கவில்லை. அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் பாயில் வைத்து இழுத்து உள்ளே கொண்டு வந்தார்கள். அடுத்த நாள் ஓட்டோ பிடித்து டொக்டரிடம் போனோம்.

டொக்டர் காலைத் தட்டினார், கீறினார், தூக்கச் சொன்னார். கால் தூங்குகிற பிள்ளை மாதிரிக் கிடந்தது. ஊசியை நிறுத்திய கதையைக் கேட்டதும் முகம் மாறியது. நான் சும்மா இருக்கவில்லை. போனை நீட்டி, நான் நன்றாக நடந்துகொண்டுதான் இருந்தேன், பாருங்கள் என்றேன். அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு நான் ஒருநாளும் திறந்து பார்க்காத ஒரு பக்கத்தைத் திறந்தார். அது வரைபடம். எங்கள் வீட்டிலிருந்து ஒரு சிவப்புக் கோடு ஒழுங்கையால் போய், ஒரு சதுரத்தைச் சுற்றிச் சுற்றித் தடித்து, திரும்பி வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு விடியற்காலையும் அதே கோடு.

"இது கோயில் வீதியெல்லோ? இந்தக் காலோடை எப்பிடிச் சுத்தினனீங்கள்?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த அம்மா சீலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "அது நான் டொக்டர்" என்றார்.

மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவர் குரலில் இல்லை. நான் எழும்ப முந்தி விடியப்புறம் எழும்பிக் குளித்து, சார்ஜில் கிடந்த போனைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு அம்மன் கோயிலுக்குப் போயிருக்கிறார். இந்த வருத்தத்தின் களைப்பு என்னை வெயில் ஏறும்வரை எழும்ப விடாது. நான் கண் விழிக்கையில் போன் பழைய இடத்தில் கிடக்கும்.

"பிள்ளைக்குச் சுகம் வரோணும் எண்டு கோயில் வீதி சுத்துறதா அம்மனுக்கு நேத்தி வைச்சனான். ஏலாத பிள்ளைக்குத் தாய்தானே சுத்திறது? அவளின்ரை பேரிலை நடந்தது அவளின்ரை கணக்கிலை விழத்தானே வேணும்" என்றார். பிறகு டொக்டரின் முகத்தைப் பார்த்து, "ஏன், அதிலை ஏதும் பிழையோ?" என்று கேட்டார்.

எங்கள் பக்கத்தில் இதை யாரிடம் கேட்டாலும் பிழை இல்லை என்றுதான் சொல்வார்கள். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காகத் தாய் மண்சோறு தின்பாள், தகப்பன் வெயிலில் பிரதட்டை உருளுவார். அது பிள்ளை செய்ததாகவே சேரும். அந்தச் செயலியைச் செய்தவர்களுக்கு இது தெரியாது. அண்ணை இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் தெரியும். ஆனால் கோடு ஏறும்போது அவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

எனக்கு அம்மா மேல் வந்த கோபத்தைச் சொல்லாமல் விடுவது பொய். ஓட்டோவில் திரும்பி வரும்போது அவர் முகத்தை நான் பார்க்கவே இல்லை. வாய் திறந்திருந்தால் ஆறாத சொல் ஏதாவது வந்திருக்கும். அவர் என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். அது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணை வீடியோவில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "நாளைக்கே காசு போடுறன், ஊசியைத் தொடங்கு" என்றார். தொடங்கினோம். ஐஸ் பெட்டி மறுபடி வருகிறது, காய்ச்சலும் வருகிறது. இனிப் போகிறதைத்தான் இது மெதுவாக்கும், போனதைத் திருப்பித் தராது என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி. ஸ்கூட்டியை விற்றாயிற்று. இப்போது கதிரையில் இருந்துதான் எல்லாம்.

செயலிக்கு முழு வருடத்துக்கும் காசு கட்டியிருப்பதால் அது இன்னும் வேலை செய்கிறது. கோடு திரும்பத் தரையில் கிடக்கிறது. நீங்கள் சில நாட்களாக நடக்கவில்லை, எழுந்து ஒரு சின்ன நடை போகலாமே என்று கேட்கிறது. வாணம் விடுவதில்லை.

அம்மா இன்னும் விடியப்புறம் கோயிலுக்குப் போகிறார். இப்போது களைப்பிருந்தாலும் எனக்கு நித்திரை வருவதில்லை. புறப்படுவதற்கு முன் என் அறை வாசலில் நின்று, இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் போவார். களவு பிடிபட்ட ஆள் மாதிரி. அதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

போன கிழமை ஒரு நாள் தாங்க முடியாமல் தலையணைக்கடியிலிருந்து போனை எடுத்து நீட்டினேன். "கொண்டு போங்கோ அம்மா. எனக்காக நடக்கிறது என்ரை கணக்கிலையே விழட்டும்" என்றேன். அந்தக் கோடு பொய்யாகவேனும் ஒருமுறை ஏறுவதைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அம்மா கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, வேண்டாம் பிள்ளை. நீ நடக்கிறாய் எண்டு நினைச்சு அவன் திரும்ப மருந்தை நிப்பாட்டிப் போடுவான்."