ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாத ரத்தம்

பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு ‘ஃப்ரிட்ஜ் அக்கா’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் அவள் பாடும் முதல் பாட்டு இதுதான்.

"வந்த ரத்தத்த ஃப்ரிட்ஜ்ல வெக்காதீங்க. குளிர் பட்டா அணுவெல்லாம் சோர்ந்து போயிடும். அப்புறம் நாம சொட்டு விடுற மருந்து மேல பழியப் போடுவோம்."

அவள் வேலை இதுதான். ரத்தத்திலிருந்து ஒரு வகை வெள்ளணுக்களைப் பிரித்தெடுப்பாள். இயற்கைக் கொல்லி அணுக்கள் என்று பெயர். புற்றுநோய்ச் செல்லையும் கிருமி புகுந்த செல்லையும் தேடிப்போய்க் கொல்பவை. அவற்றின் மீது வெள்ளீயம் கலந்த ஒரு கரிமச் சேர்மத்தைச் சொட்டுவிடுவாள். கொஞ்ச நேரம் கழித்துக் கழுவி எடுத்து, புற்றுநோய்ச் செல்களோடு சேர்த்து வைப்பாள். அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். ஆனால் எதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலும் ஏனென்று கேட்காது. கழுவிய பிறகும் நாள்கணக்கில் அப்படியே கிடக்கும். "சாயங்காலம் வீட்டுக்குப் போனா நானும் இப்படித்தான்" என்பாள். பாதி சிரிப்பு, பாதி நிஜம்.

அந்தச் சேர்மத்தை ஒரு காலத்தில் கப்பலின் அடிப்பக்கத்துக்கு அடிக்கிற பெயின்ட்டில் கலந்தார்கள், பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க. பிறகு தடை வந்தது. ஆனாலும் பழைய கப்பல்களில் புதுப் பூச்சுக்கு அடியில் அது இன்னும் இருக்கிறது. அந்தப் பூச்சைச் சுரண்டுவதுதான் அவள் கணவருக்குப் பிழைப்பு. புருவத்தில் தூசியோடு வருவார். சளி பிடித்தால் விடாது, வாய்ப்புண் ஆறாது. அவளுடைய தம்பி தன் கிடங்கில் காவல் வேலை தருவதாகப் பலமுறை சொல்லிவிட்டான்.

"மூஞ்சிய மூடிக்கிட்டுதானே சுரண்டுறேன்" என்பார் அவர். "மச்சான் கிடங்குல நாற்காலி தேய்க்கச் சொல்றியா?"

சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். ஒரு விடுமுறை நாள் மாலை, சமையலறையில் உட்காரவைத்து அவரிடமே ஒரு குழாய் ரத்தம் எடுத்தாள். உப்பு டப்பா பக்கத்தில் அதை நிறுத்திவிட்டு, அலுப்பில் சீக்கிரமே படுத்துவிட்டாள். மறுநாள் கூடத்துக்கு எடுத்துப்போய் மற்றவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். மற்ற அணுக்கள் தங்கள் வேலையைச் செய்தன. அவருடையவை சும்மா கிடந்தன. எந்தச் சேர்மமும் விடாமலே அப்படி. ஒரு குழாயை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டில் அவரிடம் சொன்னாள். அவர் மெதுவாக எழுந்து குளிக்கப் போனார். அந்த வாரமே கப்பல் வேலையை விட்டுவிட்டு மச்சானின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தார்.

சில மாதங்கள் ஓடின. வாய்ப்புண் ஆறியது; எதனால் என்று அவளால் அடித்துச் சொல்ல முடியாது. ஒருநாள் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒண்ணு சொன்னா திட்ட மாட்டியே?"

"திட்டத் தெம்பில்லைங்க. சொல்லுங்க."

"அன்னைக்கு ரத்தத்த உப்பு டப்பாகிட்ட வெச்சிட்டு நீ தூங்கிட்ட. கெட்டுப்போயிடுமேன்னு நான்தான் எடுத்து ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். காலைல நீ எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி பழைய எடத்துலயே வெச்சிட்டேன். அதனால ஒண்ணும் மாறியிருக்காதுல்ல? மாறியிருந்தா சொல்லு. கப்பல் வேலை மேஸ்திரி இன்னும் என்னைக் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

கத்தி நின்றது. அப்படியானால் அந்த முடிவு குப்பை. பெயின்ட்டின் வேலையா, குளிரின் வேலையா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. மறுபடி ரத்தம் எடுத்தாலும் அது காவல்காரரின் ரத்தம். சுரண்டியவரைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அது நன்றாக இருந்துவிட்டால் அவர் மறுநாளே சுரண்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவளுக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். புருவத்தில் தூசி இல்லை.

"ஒண்ணும் மாறியிருக்காது" என்றாள். "ரத்தத்த ஃப்ரிட்ஜ்லதான் வெக்கணும். அசதியில நான்தான் மறந்துட்டேன்."

"பாத்தியா, நல்லவேளை எனக்காவது தோணிச்சு" என்றார் அவர் பெருமையாக.

"ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.